மருந்தும் கணக்கும்

முன்னுரை

"அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்பது நம் நாட்டுப் பழமொழி. இதில் உள்ள "அளவு" என்ற ஒரு சொல்லுக்குள் மருத்துவம் முழுவதும் அடங்கியிருக்கிறது எனலாம். எது மருந்து, எது நஞ்சு என்பதைப் பல நேரங்களில் பொருள் தீர்மானிப்பதில்லை. அதன் அளவே தீர்மானிக்கிறது. அளவு என்று வந்துவிட்டால் அங்கே கணக்கும் வந்துவிடுகிறது. ஆனால் மருந்துகளைப் பற்றிப் படிக்கச் செல்லும் மாணவ மாணவியருள் பலர் கணக்கைக் கண்டு அஞ்சுகின்றனர். சிலர் கணக்கிலிருந்து தப்புவதற்காகவே அப்படிப்பைத் தேடிச் செல்கின்றனர். இம்மனப்பான்மை ஏன் ஏற்படுகிறது, அது சரியா, அதை எவ்வாறு மாற்றிக்கொள்ளலாம் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

இன்னும் சில மாதங்களில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை எழுதிவிட்டு, பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவை எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டிய நிலையில் நாம் இருக்கிறோம். ஆகவே இது நமக்கு வெறும் கட்டுரைப் பொருள் அன்று.

நம் ஏரிக்கரையும் மருந்துக் கடையும்

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பழவேற்காடு. ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுவே. இதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்திலும் ஒரு பகுதி நம் திருவள்ளூர் மாவட்டத்திலும் இருக்கிறது. ஏரிக்கும் கடலுக்கும் இடையிலும், ஏரியின் கரைகளிலும் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம், லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம், வைரவன் குப்பம் என்று மீனவர் ஊர்கள் அமைந்துள்ளன. இங்கு வருவோர் பூநாரைகளைப் பார்த்துவிட்டும், டச்சுக்காரர்களின் கல்லறைகளைப் படம் எடுத்துக்கொண்டும் திரும்பிவிடுகின்றனர். இங்கேயே வாழ்பவர்களுக்குத் தெரிந்த செய்திகள் வேறு.

குழந்தைக்கு இரவில் காய்ச்சல் கண்டாலும், வலையிழுத்த கையில் முள் குத்திச் சீழ் பிடித்தாலும், பாட்டிக்குச் சர்க்கரை ஏறினாலும், நம் ஊர்களில் முதலில் தட்டப்படும் கதவு பெரும்பாலும் மருந்துக் கடையின் கதவுதான். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகப் பொன்னேரிக்கோ சென்னைக்கோ பஸ் ஏற வேண்டும். ஒரு நாள் தொழில் போகும். எனவே மருந்துக் கடையில் நிற்பவர் சொல்லும் அளவைத்தான் தாய்மார்கள் நம்பிக் கொடுக்கிறார்கள். அவரை இன்றும் நம் பெரியவர்கள் "கம்பவுண்டர்" என்றே அழைக்கின்றனர். அரசு ஏடுகளில் அவர் பெயர் மருந்தாளுநர். 1948ஆம் ஆண்டின் பார்மஸிச் சட்டம், உரிய படிப்பும் பதிவும் பெற்றவரே மருந்து வழங்கும் இப்பணியைச் செய்ய வேண்டும் என்று வகுத்துள்ளது.

இந்தியாவில் பார்மஸியை ஒரு பட்டப்படிப்புக்குரிய கல்வியாகத் தொடங்கி வைத்தவர் பேராசிரியர் மகாதேவ லால் ஷ்ராஃப் ஆவார். 1932இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் அவர் முயற்சியால் இக்கல்வி தொடங்கப்பட்டது. இன்று இரண்டு ஆண்டு டி.பார்ம், நான்கு ஆண்டு பி.பார்ம், ஆறு ஆண்டு பார்ம்.டி என்று பல படிகளில் இதனைப் படிக்கலாம். செலவிலும் காலத்திலும் மருத்துவப் படிப்பைவிட எட்டக்கூடியதாய் இருப்பதால், சிற்றூர்ப் பெண்கள் பலர் இதனை விரும்புகின்றனர். நம் குப்பங்களிலிருந்தும் அக்காமார் சிலர் இப்படிப்புக்குச் சென்றுள்ளனர்.

கணக்கை விட்டுவிட்டுப் போகும் வழி

தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்பில் அறிவியல் படிப்போருக்கு முக்கியமாக மூன்று வழிகள் உள்ளன. ஒன்று, கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவு. மற்றொன்று, கணிதமும் கணிப்பொறி அறிவியலும் சேர்ந்த பிரிவு. மூன்றாவது, இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் என்ற நான்கும் கொண்ட பிரிவு. இந்த மூன்றாவது பிரிவில் கணிதப் பாடம் இல்லை. "கணக்கு வராது" என்று முடிவு செய்துகொண்ட மாணவி இப்பிரிவில் சேர்கிறாள். பிறகு டி.பார்மிலோ பி.பார்மிலோ சேர, வேதியியல் இயற்பியலுடன் உயிரியல் அல்லது கணிதம் இருந்தால் போதும் என்று விதி இருப்பதால், எளிதாக உள்ளே சென்றுவிடுகிறாள்.

அங்கே அவளுக்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. இந்திய பார்மஸி கவுன்சில் வகுத்த பி.பார்ம் பாடத்திட்டத்தில், முதல் பருவத்திலேயே "ரெமிடியல் மேதமேடிக்ஸ்", அதாவது ஈடுசெய் கணிதம் என்ற பாடம் உண்டு. மேல்நிலையில் கணிதம் படிக்காமல் வந்தவர்கள் இதனைப் படிக்க வேண்டும். உயிரியல் படிக்காமல் வந்தவர்கள் அதற்கு ஈடாக உயிரியல் படிக்க வேண்டும். மடக்கை, அணிகள், வகையீடு, தொகையீடு, வகைக்கெழுச் சமன்பாடு, லாப்லாஸ் மாற்று என்பன அந்தக் கணிதப் பாடத்தில் அடங்கியவை. இவை அனைத்திற்கும் ஒதுக்கப்பட்டுள்ள நேரம் 30 மணி. மற்றவர்கள் இரண்டு ஆண்டுகளில் படித்ததற்கும் மேலாக, அதுவும் கணக்கை விட்டு இரண்டு ஆண்டுகள் ஆன பின், 30 மணி நேரத்தில் படிப்பது என்றால் மலைப்பாகத்தானே இருக்கும்?

டி.பார்ம் படிப்பில் கணிதம் என்று தனிப்பாடம் இல்லை. ஆனால் கணக்கு அங்கும் இருக்கிறது. மருந்து தயாரிக்கும் பாடத்தில், மருந்து வழங்கும் பாடத்தில், செய்முறை வகுப்பில் என்று ஒவ்வொன்றின் உள்ளேயும் அது மறைந்து நிற்கிறது.

மாணவர்கள் கூறும் நான்கு காரணங்கள்

பார்மஸி படிக்கும் அக்காமாரிடம் நாங்கள் பேசிப் பார்த்தபோது, அவர்களும் அவர்தம் தோழியரும் கணக்கைப் பற்றிக் கொண்டுள்ள எண்ணங்களை நான்காகப் பிரிக்க முடிந்தது.

1. "நாங்கள் உயிரைப் பற்றிப் படிக்க வந்தோம், எண்ணைப் பற்றி அல்ல."

2. "மாத்திரையும் டானிக்கும் தயாராகவே வந்துவிடுகின்றன. அட்டையில் எழுதியிருப்பதைப் பார்த்துக் கொடுத்தால் போதும்."

3. "கால்குலேட்டர் இருக்கிறது, செல்போனிலேயே இருக்கிறது."

4. "எனக்கு இயற்கையாகவே கணக்கு வராது. பெண்களுக்கு அது கடினம்."

இவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

உயிரும் எண்ணும்

உயிரைப் பற்றிய படிப்பில் எண்ணுக்கு இடமில்லை என்பது சரியா? நாம் பத்தாம் வகுப்பில் பெருக்குத் தொடர்வரிசை படிக்கிறோம். ஒவ்வோர் உறுப்பும் முந்தைய உறுப்பைப்போல் ஒரே மடங்காக மாறிக்கொண்டே போகும் வரிசை அது. உடலுக்குள் சென்ற மருந்து குறைவதும் பெரும்பாலும் இவ்வாறே. இரத்தத்திலுள்ள ஒரு மருந்து பாதியாகக் குறைய 4 மணி நேரம் ஆகிறது என்று கொள்வோம். முதலில் 400 மில்லிகிராம் இருந்தால், 4 மணி நேரம் கழித்து 200, எட்டு மணி நேரத்தில் 100, பன்னிரண்டு மணி நேரத்தில் 50 என்று குறையும். பொது விகிதம் 1/2. இந்த 4 மணி நேரத்தை அம்மருந்தின் அரை ஆயுட்காலம் என்பர்.

"இந்த மாத்திரையை எட்டு மணி நேரத்திற்கு ஒரு முறை போடு" என்று டாக்டர் சொல்வதன் பின்னே இந்தக் கணக்கே இருக்கிறது. அடுத்த மாத்திரையைச் சீக்கிரம் போட்டால் பழையதுடன் புதியது சேர்ந்து அளவு மிகும். மறந்து தாமதித்தால், கிருமியை அடக்கி வைத்த அளவு குறைந்துபோகும். உயிர் தனக்குத் தெரியாமலே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. அதைப் படிக்கச் செல்பவர் அந்தக் கணக்கை அறிய வேண்டாமா?

தயாராக வரும் மருந்துக்குக் கணக்கு எதற்கு?

இரண்டாவது காரணம்தான் பலராலும் கூறப்படுவது. முன்பெல்லாம் கம்பவுண்டர் பொடியை நிறுத்து, நீரில் கலக்கி, புட்டியில் ஊற்றி, புட்டியின் பக்கத்தில் காகிதத்தை வெட்டி ஒட்டி வேளையளவு காட்டுவார். இப்போது அப்படி இல்லையே என்கின்றனர். உண்மைதான். ஆனால் தயாராக வரும் மருந்தையும் ஒரு குறிப்பிட்ட நோயாளிக்கு ஏற்ப அளந்துதான் கொடுக்க வேண்டியிருக்கிறது. கீழ்க்காணும் எடுத்துக்காட்டுகளைப் பாருங்கள்.

(அ) காய்ச்சல் மருந்து: குழந்தைகளுக்குப் பாரசிட்டமால் மருந்தை எடைக்குத் தக்கவாறு கொடுப்பார்கள். ஒரு வேளைக்கு ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம் என்று டாக்டர் குறித்திருப்பதாகக் கொள்வோம். குழந்தையின் எடை 12 கிலோ. வேண்டிய மருந்து 12 × 15 = 180 மில்லிகிராம். கடையில் இதே மருந்து பல வடிவில் இருக்கிறது. 5 மி.லி.யில் 125 மில்லிகிராம் உள்ள திரவமானால் 7.2 மி.லி. வேண்டும். 5 மி.லி.யில் 250 மில்லிகிராம் உள்ளதானால் 3.6 மி.லி. போதும். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரே மி.லி.யில் 100 மில்லிகிராம் இருக்கும்; அதில் 1.8 மி.லி. போதும். பெயர் ஒன்றே, நோய் ஒன்றே, குழந்தையும் ஒன்றே. ஆனால் அளவுகள் மூன்று! "போன தடவை 7.2 கொடுத்தோம்" என்ற நினைவில் சொட்டு மருந்திலும் 7.2 மி.லி. கொடுத்தால், 720 மில்லிகிராம், அதாவது நான்கு மடங்கு மருந்து உள்ளே போய்விடும். பாரசிட்டமால் மிகுந்தால் கல்லீரல் கெடும். இங்கே வேண்டியது உயர்ந்த கணிதம் அன்று. ஆறாம் வகுப்பில் படித்த விகிதமே.

(ஆ) இன்சுலின்: நம் நாட்டில் புட்டியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மி.லி.யில் 40 யூனிட் கொண்டது. ஒரு மி.லி.யில் 100 யூனிட் கொண்டதும் உண்டு. இரண்டிற்கும் தனித்தனி ஊசிக்குழல்கள் இருக்கின்றன. முன்னதற்குச் சிவப்பு மூடி, பின்னதற்கு ஆரஞ்சு மூடி. 20 யூனிட் வேண்டிய பாட்டி ஒருவருக்கு 40 யூனிட் குழலில் 20 என்ற கோடு வரை இழுத்தால் அது அரை மி.லி. அந்தக் குழலிலேயே 100 யூனிட் மருந்தை அதே கோடு வரை இழுத்தால், அரை மி.லி.யில் 50 யூனிட் இருக்கும். இரண்டரை மடங்கு! சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கம் வரும். கோடு சரியாகத்தான் இருந்தது; கணக்குத்தான் தவறியது.

(இ) உப்புச் சர்க்கரைக் கரைசல்: வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொடியின் வரலாறு நம் அனைவரும் அறிய வேண்டியது. 1971இல் வங்காளதேசப் போரின்போது எல்லை கடந்து வந்த அகதிகளிடையே காலரா பரவியது. பாங்கான் என்ற ஊரின் முகாமில் டாக்டர் திலீப் மகாலனாபிஸ், நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுக்கச் செய்து எண்ணற்ற உயிர்களைக் காத்தார். இன்று உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள முறைப்படி, ஒரு லிட்டர் நீருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம், ஆக 20.5 கிராம். 2002ஆம் ஆண்டுக்கு முன் உப்பு 3.5 கிராமும் குளுக்கோஸ் 20 கிராமுமாக இருந்தது. ஆராய்ந்து பார்த்து அளவைக் குறைத்தார்கள். உப்பில் ஒரு கிராமுக்கும் குறைவான மாற்றத்திற்கே உலகமே கூடி ஆராய வேண்டியிருந்தது என்றால், அளவின் அருமை விளங்குகிறதன்றோ?

ஆனால் வீட்டில் நடப்பது என்ன? ஒரு லிட்டருக்கான பொடியை 200 மி.லி. டம்ளர் நீரில் கொட்டிக் கலக்கிவிடுகிறவர்கள் உண்டு. அப்போது கரைசல் ஐந்து மடங்கு கெட்டியாகிறது. உப்பு மிகுந்த நீர் உடலுக்கு நீரைத் தராமல் உடலிலிருந்தே நீரை இழுத்துக்கொள்ளும். கடல்நீரைக் குடித்தால் தாகம் தீராது என்பது நம் ஏரிக்கரைக் குழந்தைக்கும் தெரியும். அதே உண்மைதான் இது. எத்தனை மி.லி. நீருக்கு என்று பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும். கொடுக்கும்போது அதனைச் சொல்லி அனுப்புவது மருந்தாளுநரின் கடமை.

கலப்புக் கணக்கு

பி.பார்ம் முதல் பருவத்தில் "அலிகேஷன்" என்ற ஒரு கணக்கு வருகிறது. பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம். இரண்டு வேறு செறிவுள்ள திரவங்களைக் கலந்து இடைப்பட்ட செறிவைப் பெறும் வழி அது. 90 சதவீத ஸ்பிரிட்டிலிருந்து 70 சதவீத ஸ்பிரிட் வேண்டும் என்றால், வேண்டிய 70இலிருந்து நீரின் 0வைக் கழிக்க 70. 90இலிருந்து 70ஐக் கழிக்க 20. ஆகவே 70 : 20, அதாவது 7 : 2. ஏழு பங்கு ஸ்பிரிட், இரண்டு பங்கு நீர்.

இந்தக் கணக்கை நம் ஏரியே ஆண்டுதோறும் போட்டுக்காட்டுகிறது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. ஆரணியாறு கொண்டுவரும் மழைநீரில் உப்பு அநேகமாக இல்லை. முகத்துவாரம் வழியாக வரும் கடல்நீரும் ஆற்றுநீரும் 3 : 4 என்ற விகிதத்தில் கலந்தால் லிட்டருக்கு 15 கிராம் உப்பு. (3 × 35 = 105; அதனை 7ஆல் வகுக்க 15.) மழைக்காலத்தில் ஏரி நீர் இனித்து வருவதையும் கோடையில் உப்பேறுவதையும், அதற்கேற்ப இறாலும் மீனும் வந்து போவதையும் நம் தந்தையர் நாக்கில் வைத்தே அறிகின்றனர். நாக்கு அறிவதைத் தாளில் எழுதினால் அது அலிகேஷன்!

இவ்வாறே, நரம்பில் ஏற்றும் உப்புநீர் 0.9 சதவீதம். அதாவது 100 மி.லி.க்கு 0.9 கிராம், லிட்டருக்கு 9 கிராம், 500 மி.லி. புட்டியில் 4.5 கிராம். நம் இரத்தத்தின் செறிவுக்கு ஒத்த அளவு அது. புள்ளி ஓரிடம் தள்ளிப்போனால் 9 சதவீதமாகி, இரத்த அணுக்கள் சுருங்கிப் போகும். புள்ளி என்பது காகிதத்தில் சிறியது. உடலில் மிகப் பெரியது. அதனால்தான் ஒன்றுக்குக் குறைந்த அளவை ".5" என்று எழுதாமல் "0.5" என்று முன்னே சுழியிட்டு எழுத வேண்டும் என்றும், "5.0" என்று பின்னே வீண் சுழி போடக் கூடாது என்றும் கற்பிக்கின்றனர். புள்ளி மங்கிவிட்டால் முன்னது 5 ஆகிவிடும். பின்னது 50 ஆகிவிடும்.

கால்குலேட்டர் போதாதா?

மூன்றாவது காரணத்திற்கு வருவோம். கால்குலேட்டர் பெருக்கும், வகுக்கும். ஆனால் எதை எதனால் வகுக்க வேண்டும் என்பதை அது சொல்லாது. விடை பொருத்தமானதா என்றும் அதற்குத் தெரியாது. 7.2 என்பதற்குப் பதிலாக 72 என்று வந்தாலும் அதே அமைதியுடன் காட்டிக்கொண்டிருக்கும். "ஒரு சிறு குழந்தைக்கு 72 மி.லி. மருந்தா? அரை டம்ளருக்கு அருகில் வருகிறதே!" என்று திடுக்கிட வேண்டியது மனித மனம்தான்.

இங்கிலாந்தில் மருந்தாளுநராகப் பதிவு பெற எழுத வேண்டிய தேர்வில் கணக்குக்கெனத் தனியாகவே ஒரு தாள் உண்டு. 2016ஆம் ஆண்டு முதல் அதில் கால்குலேட்டரை அனுமதிக்கின்றனர். கருவியைக் கையில் கொடுத்த பிறகும் தேர்வை எடுத்துவிடவில்லை. கருவியை வைத்துக்கொண்டு சிந்திக்கத் தெரிகிறதா என்பதே அத்தேர்வின் நோக்கம்.

அதே நாட்டில் 1998இல் நடந்த ஒரு துயரம் பார்மஸி மாணவர்களுக்கு இன்றும் எடுத்துச் சொல்லப்படுகிறது. பச்சிளங்குழந்தை ஒன்றின் வயிற்றுவலிக்குப் புதினா நீர் மருந்து தயாரித்தபோது, இரு மடங்கு செறிவுள்ள குளோரோபார்ம் நீருக்குப் பதிலாக மிகச் செறிந்த குளோரோபார்ம் நீர் சேர்க்கப்பட்டுவிட்டது. வேண்டியதைப் போல் 20 மடங்கு. குழந்தை இறந்தது. எளிய மருந்து, பழகிய கை, படித்தவர்கள் நிற்கும் இடம். ஆயினும் "இந்த எண் சரியா?" என்று ஒரு கணம் நின்று கேட்கப்படவில்லை. கணக்கறிவு என்பது விரைவாக விடை சொல்வது மட்டும் அன்று. நின்று சரிபார்க்கும் பழக்கமும் ஆகும்.

கணக்கு வராத பெண்களா நாம்?

நான்காவது காரணமே நம் மனத்தை அதிகம் தொடுவது. "எனக்குக் கணக்கு வராது" என்று நம்முள் எத்தனை பேர் சொல்கிறோம்! அவ்வாறு சொல்பவர்கள் தம் தாயாரை ஒரு முறை உற்று நோக்க வேண்டும்.

கரைக்கு இறால் வந்தவுடன் அதன் பருமனைப் பார்த்து, "முப்பது கவுண்ட்", "நாற்பது கவுண்ட்" என்கின்றனர். கவுண்ட் என்பது ஒரு கிலோவுக்கு எத்தனை இறால் என்ற கணக்கு. 40 கவுண்ட் என்றால் ஓர் இறால் 25 கிராம். எண் ஏற ஏற இறால் சிறுக்கும், விலை குறையும். கணிதப் புத்தகத்தில் எதிர் விகிதம் என்று நாம் படிப்பது இதுவே. ஒரு கூடை மீனைக் கூறு கட்டும் அம்மா, வாங்கிய விலை, ஐஸ் செலவு, பஸ் கட்டணம், மாலைக்குள் விற்காவிட்டால் வரும் நட்டம் அனைத்தையும் மனத்தில் வைத்தே ஒரு கூறின் விலையைச் சொல்கிறார். பிடிப்பு விற்ற பணத்தில் செலவு போக, படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று பிரிப்பதும் பின்னக் கணக்கே.

நம் ஏரியில் தொன்றுதொட்டு வரும் "பாடு" முறையைப் பற்றி ஆராய்ச்சியாளர்களும் எழுதியிருக்கின்றனர். மீன்பிடிக்கும் இடங்கள் எல்லாம் ஒரே தரமானவை அல்ல. முகத்துவாரத்தின் அருகே அதிகம் கிடைக்கும், உள்ளே குறையும். ஆகவே இடங்களைப் பிரித்து, முறை வைத்து, சீட்டுப் போட்டு, நல்ல இடமும் சுமாரான இடமும் எல்லோருக்கும் மாறி மாறி வரும்படி பெரியவர்கள் வகுத்தனர். எத்தனை வலை, எத்தனை இடம், எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று சரியாகக் கணக்கிடாமல் இது நடக்குமா?

நம் முன்னோர் வழங்கிய தமிழ்ப் பின்னங்களையும் இங்கு நினைக்கலாம். அரைக்கால் என்பது 1/8, மாகாணி 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. இத்தனை நுண்ணிய பின்னத்திற்கும் பெயர் வைத்த மொழி நம்முடையது. சித்த வைத்தியர்கள் குன்றிமணி எடை, வராகன் எடை, பலம் என்று நிறுத்தே மருந்து செய்தனர். திருவள்ளுவரும் மருந்து என்ற அதிகாரத்தில் அளவறிந்து உண்பதையே வற்புறுத்துகிறார். இவ்வாறிருக்க, கணக்கு நமக்கு அந்நியமானது என்பது எப்படிப் பொருந்தும்? கணக்கு நமக்கு வருகிறது. கணக்கின் எழுத்தும் குறியும்தான் அச்சுறுத்துகின்றன. வீட்டுக் கணக்குக்கும் பள்ளிக் கணக்குக்கும் இடையே ஒரு பாலம் வேண்டும், அவ்வளவே.

மறுபக்கமும் உண்டு

மாணவர்கள் கூறும் குறை முழுவதும் தவறு என்று சொல்வது நியாயமாகாது. மருந்துக் கடையில் நிற்பவருக்கு லாப்லாஸ் மாற்று ஒரு நாளும் தேவைப்படாது. அது எதற்கு என்று விளக்காமல் சூத்திரத்தை மட்டும் கரும்பலகையில் எழுதினால் மாணவருக்கு வெறுப்பே மிகும். மருந்து உடலில் பரவிக் குறையும் வேகத்தை ஆராய்பவருக்கும், புதிய மருந்து கண்டுபிடிப்பவருக்கும் அக்கணிதம் தேவை. அவர்களுக்கு அது கைவிளக்குப் போன்றது. மற்றவர்களுக்கு விகிதம், சதவீதம், தசமம், அலகு மாற்றம், சராசரி ஆகிய ஐந்தில் பிழையற்ற தேர்ச்சியே முதல் தேவை. எந்தக் கணிதம் எந்த வேலைக்கு என்பதை முதல் நாளிலேயே எடுத்துக்காட்டுடன் சொன்னால், அச்சம் பாதி குறையும் என்பது எங்கள் எண்ணம்.

சராசரிக்கு ஓர் எடுத்துக்காட்டு. மருந்து ஆலையில் மாத்திரைகளின் எடையைச் சோதிக்க 20 மாத்திரைகளை எடுத்துத் தனித்தனியே நிறுத்து, சராசரி காண்கிறார்கள். சராசரி 250 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால், இரண்டு மாத்திரைகளுக்கு மேல் 5 சதவீதத்தைத் தாண்டி விலகக் கூடாது. எந்த ஒன்றும் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இது இந்திய மருந்துத் தரநூலின் விதி. அந்நூலின் முதற்பதிப்பு 1955இல் வெளிவந்தது. நாம் புள்ளியியல் பாடத்தில் விலக்கம் என்று படிப்பது ஆலையில் இவ்வாறு காவல் நிற்கிறது.

இன்னொன்றும் கூறலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை நம் மாவட்டத்தை வெள்ளக்காடாக்கியதை நாம் மறக்கவில்லை. வெள்ளம் வடிந்தபின் கிணற்று நீரைத் தூய்மையாக்கப் பிளீச்சிங் பவுடர் இட வேண்டும். பொதுவாக 1000 லிட்டருக்கு 2.5 கிராம் என்பது கணக்கு. கிணற்றில் எத்தனை லிட்டர்? விட்டம் 2 மீட்டர், நீரின் ஆழம் 3 மீட்டர் என்றால், உருளையின் கன அளவுச் சூத்திரப்படி 3.14 × 1 × 1 × 3 = 9.42 கனமீட்டர், அதாவது 9420 லிட்டர். தேவையான பவுடர் சுமார் 24 கிராம். பத்தாம் வகுப்பு அளவியல் பாடம் ஊருக்குக் குடிநீர் தருகிறது! டி.பார்ம் மாணவியர் இன்று சமூக பார்மஸி என்ற பாடமும் படிக்கின்றனர். ஊர் சுகாதாரமும் அவர்கள் பொறுப்பே.

நாம் செய்யக்கூடியவை

பார்மஸி, நர்ஸிங் போன்ற படிப்புகளுக்குப் போக விரும்பும் தோழியர் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளலாம்.

1. இயன்றால் மேல்நிலையில் கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவை எடுக்கலாம். இயலாவிட்டால் பத்தாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தைப் பழைய பேப்பர்க் கடையில் போடாமல் வைத்திருந்து, வாரம் ஒரு முறையாவது கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

2. கணக்கைத் தொடங்கும் முன் விடை ஏறத்தாழ எவ்வளவு வரும் என்று மதிப்பிட வேண்டும். மதிப்பீடும் விடையும் வெகுவாக வேறுபட்டால் மீண்டும் போட வேண்டும்.

3. எண்ணுடன் அலகையும் சேர்த்தே எழுத வேண்டும். 5 என்பது மில்லிகிராமா, மி.லி.யா, கிராமா என்று தெரியாத எண் ஆபத்தானது.

4. மருந்தை ஊற்றும்போது சமையலறைக் கரண்டியைப் பயன்படுத்தாமல், மருந்துடன் வரும் அளவு மூடியையோ குழலையோ பயன்படுத்த வேண்டும். வீட்டுக்கு வீடு கரண்டி வேறு, 5 மி.லி. எங்கும் ஒன்றே.

5. வீட்டில் மருந்து வாங்கி வரும்போது, படிக்கத் தெரிந்த நாம் பெயரை மட்டுமல்லாமல், எத்தனை மி.லி.யில் எத்தனை மில்லிகிராம் என்பதையும் படித்துப் பார்க்க வேண்டும். ஐயம் இருந்தால் டாக்டரையோ மருந்தாளுநரையோ கேட்க வேண்டும். நாமாக அளவை மாற்றக் கூடாது.

முடிவுரை

மருந்து பற்றிய படிப்பில் கணக்கு என்பது நோயாளியின் உயிருக்கும் மருந்துக்கும் இடையே உள்ள ஒப்பந்தம். அதனைத் தண்டனையாகவோ தடையாகவோ கருதுவதும், கால்குலேட்டரிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்குவதும் சரியன்று. கணக்கைக் கண்டு அஞ்சி ஓடும் வழி ஒன்று இருக்கலாம். ஆனால் அவ்வழியின் முடிவில் காய்ச்சல் குழந்தையுடன் ஒரு தாய் நின்று, "எவ்வளவு கொடுக்கணும்மா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு விடை எண்ணாகத்தான் இருக்க முடியும்.

நம் ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து இன்னும் பல மருந்தாளுநர்கள் வர வேண்டும். கூறு கட்டி விலை சொல்லும் அம்மாக்களின் மகள்களாகிய நாம், அந்தத் துணிவையே பாடப் புத்தகத்திற்கும் கொண்டு வருவோம். அளவறிந்து கொடுக்கும் கைகளாக நம் கைகளை ஆக்கிக்கொள்வோம்.